ஓடுபாதைக்குக் கீழே யார் நிலம்?

பழைய ஓடுபாதை இருக்கும் இடத்தில் புதிய விமான நிலையம் அமைப்பதைப் பற்றிப் பேசுவோர், அதன் முதல் நன்மையாக ஒன்றைக் கூறுவர். புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. எவரையும் வீட்டைவிட்டு எழுப்ப வேண்டியதில்லை. ஏரியையும் வயலையும் தூர்க்க வேண்டியதில்லை. என்றோ ஒருநாள் போட்ட பாதை சும்மா கிடக்கிறது, அதைச் செப்பனிட்டால் போதும் என்பர். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் வரும் என்று 2022இல் அறிவித்த நாள் முதல் ஏகனாபுரம் மக்கள் நடத்திவரும் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இவ்வாதத்தின் வலு உடனே விளங்கும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் அந்தப் பழைய பாதை யாருடைய நிலத்தின் மேல் போடப்பட்டது என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே இத்தகைய ஓடுபாதைகள் பல உண்டு. வரதராஜன்பேட்டையிலிருந்து வடக்கே சென்றால் உளுந்தூர்பேட்டை அருகே ஒன்று. சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு, தஞ்சாவூர் எனப் பட்டியல் நீளும். இவை எல்லாம் இரண்டாம் உலகப் போரின் பிள்ளைகள். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், நான்கு நாள் கழித்துத் திருகோணமலையும் குண்டுகளைக் கண்டன. சென்னை நகரமே பாதி காலியானது. வங்கக் கடலை நோக்கி விமானத் தளங்கள் வேண்டும் என்ற அவசரம் அக்காலத்தில் அரசைப் பற்றிக்கொண்டது. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருந்தபோது, நிலம் கேட்டு வரும் அதிகாரியிடம் ஓர் உழவன் என்ன பேசியிருக்க முடியும்? போர் முடிந்தது. சோழவரத்தில் பிற்காலத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. தஞ்சாவூர் 2013இல் மீண்டும் விமானப்படைத் தளமாயிற்று. உளுந்தூர்பேட்டையில் தார்ப்பாதையின் விளிம்பில் புல் முளைத்தது.

இந்தப் போர்க்காலப் பாதைகளுள் ஒன்று, நம் மாவட்டத்திலிருந்து கடல் கடந்து சிறிது தொலைவில், முழுமையான பன்னாட்டு விமான நிலையமாக மாறியிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள பலாலி அது. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

பலாலி ஓடுபாதையை அமைத்தது போர்க்காலத்து ஆங்கிலேய அரச விமானப்படை. போர் ஓய்ந்த பின் அது பொதுமக்களுக்குத் திறந்தது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து கிளம்பி இங்கே இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. இலங்கை விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பே பலாலியும் சென்னையும் வானத்தால் இணைந்துவிட்டன என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அந்நிறுவனம் திருச்சிக்கும் விமானம் விட்டதுண்டு. பின்னர் இனப்பூசல் வளர வளர, பயணிகளின் இடத்தைப் படைவீரர்கள் பிடித்தனர். 1987 சூலை இறுதியில் இந்திய அமைதிப்படை வந்து இறங்கியதும் இதே பாதையில்தான்.

1990 சூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. பலாலி, மயிலிட்டி, வயாவிளான், காங்கேசன்துறை என வலிகாமம் வடக்கு முழுவதும் சில நாட்களில் வெறிச்சோடியது. வாழையும் வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் பூமி அது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, சில நாட்களில் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தோடு மக்கள் தெற்கே நடந்தனர். ஓடுபாதையைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் எழுந்தது. வீடுகளும் பள்ளிகளும் கோயில்களும் அதற்குள் அகப்பட்டன. இராசராசேசுவரி அம்மன் கோயிலும் உள்ளே, மயிலிட்டிக் காணிக்கை மாதா ஆலயமும் உள்ளே. கம்பி வேலி சமயம் பார்க்கவில்லை.

மக்கள் போய்த் தங்கிய இடம் தொலைவில் இல்லை. மல்லாகம், சுன்னாகம் பக்கத்தில் அமைந்த நலன்புரி நிலையங்களில், தம் ஊரிலிருந்து சில கல் தொலைவில், தகரக் கூரையின் கீழ் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடித்தது. வசதி உள்ளவர்கள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சென்றனர். வசதி அற்றவர்கள் தோணி ஏறி இராமேசுவரம் வந்தனர். பெரம்பலூரில் துறைமங்கலம் முகாமை நம் வாசகர்கள் அறிவர்.

2009 மே மாதம் போர் முடிந்தது. வேலி அகலவில்லை. 2013 ஏப்ரலில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. 6,381 ஏக்கர் நிலத்தைப் பொதுத் தேவைக்காகச் சுவீகரிக்கப் போவதாகவும், உரிமையாளர்களை அடையாளம் காண இயலவில்லை என்றும் அது கூறியது. இந்த இரண்டாவது பகுதியை நாம் சற்று நின்று எண்ண வேண்டும். எவரைக் காண இயலவில்லை? அரசே பதிவு செய்து, அரசே பங்கீட்டு உணவு கொடுத்து, நலன்புரி நிலையத்தில் வைத்திருந்த மக்களை! இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறுதிகளோடும் அடையாள அட்டைகளோடும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தாம் இருப்பதாகத் தெரிவித்தனர். (நாம் நிலப்பத்திரம் என்பதை அங்கே உறுதி என்கிறார்கள். எவ்வளவு பொருள் பொதிந்த சொல்!) 2015 முதல் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. 2017 சூலையில் மயிலிட்டித் துறைமுகம் திரும்பியது. 2018 ஏப்ரலில் மேலும் 683 ஏக்கர். இன்னும் திரும்பாதவையும் கணிசமாக உண்டு.

இந்த நிலையில்தான் விமான நிலையம் வந்தது. 2019 சூலையில் பணி தொடங்கி, அக்டோபர் 17ஆம் நாள் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. செலவின் ஒரு பகுதியை இந்தியா அளித்தது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு தென்னிலங்கையில் சிலர் முகம் சுளித்தனர் என்பது தனிக்கதை. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ வந்தது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தே அந்நிறுவனத்தின் விமானம் செல்லலாயிற்று.

திருச்சி என்றதும் நம் மக்களுக்கு அது அயலூர் ஆகிவிடுகிறது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை வழியனுப்பக் கண்ணீரோடு நாம் நிற்கும் இடம் அது. 2025 ஆகஸ்ட்டில் நாமும் அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றோம். போர்க்காலத்தில் திருச்சிக்கு வந்து நம்மோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவரின் குருத்துவ வெள்ளி விழா அழைப்பு. அன்று அவர் தோணியில் இரவெல்லாம் நனைந்து வந்தவர். நாமோ எண்பதுக்கும் குறைந்த இருக்கைகள் உள்ள சுழல்விசிறி விமானத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

திருச்சி விமான நிலையத்தின் அருகிலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் அகதி முகாம் என்று பல ஆண்டுகள் வழங்கி, 2021இல் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாறியது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் விமானத்தின் ஒலி நாள்தோறும் அவர்கள் காதில் விழும். ஏறுவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். தோணியில் வந்தவர்க்கு அது ஏது? 2025 மே மாதம், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். உரிய ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியது குற்றமாம். அவர் வெளியேறிய காலத்தில் உரிய ஆவணம் வழங்கும் அலுவலகத்தின் மேலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார் என்பது ஆறுதல். ஆனால் அச்செய்தி இங்குள்ள முகாம்களில் ஏற்படுத்திய அச்சம் அவ்வளவு விரைவில் நீங்குவதாய் இல்லை.

இதனால் விமான நிலையமே வேண்டாம் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு அங்கும் எவரும் கூறக் கேட்டதில்லை. கொழும்பு வரை இரவெல்லாம் பேருந்தில் குலுங்கிப் போய் விமானம் ஏற வேண்டியிருந்த நோயாளியும், பேரன் திருமணத்துக்குச் சென்னை வர விரும்பும் பாட்டியும் இன்று விரைவில் வந்து சேர முடிகிறது. 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலும் இதற்குத் துணை. பிரிந்த உறவுகளை இணைக்கும் எந்தப் பாலமும் நன்றே. பெரிய விமானங்கள் இறங்கும்படி நிலையம் வளர வேண்டும் என்று கேட்பவர்களுள் யாழ்ப்பாணத்து வணிகர்களும் உண்டு, புலம்பெயர்ந்தோரும் உண்டு. ஆனால் வளர்வது எந்தத் திசையில்? ஓடுபாதைக்கு அப்பால் இருப்பது வெற்றுவெளி அன்று. விடுவிப்புக்காகக் காத்திருக்கும் காணிகள். படைத்தேவைக்கு என்று வைத்திருந்த நிலம் நாளை பயணிகள் தேவைக்கு என்று ஆகிவிட்டால், கேட்பவன் வளர்ச்சிக்கு எதிரியாகிவிடுவான். துப்பாக்கியிடம் நியாயம் கேட்டவனுக்கு உலகம் இரக்கம் காட்டியது. விமான நிலையத்திடம் கேட்பவனுக்கு அதுவும் கிட்டாது. அவனுடைய சொந்த மக்களே, பிரான்சிலிருந்து நேரே வந்து இறங்க விரும்பும் உறவினரே, அவனைச் சற்று விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள்.

நம் பகுதிக்கு இது புரியாத செய்தி அன்று. ஜெயங்கொண்டம் நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக 1990களில் நம் செம்மண் ஊர்கள் பலவற்றில் நிலம் எடுக்கப்பட்டது. மின்நிலையம் எழவே இல்லை. முந்திரி நின்ற இடத்தில் முந்திரியே நின்றது. ஆனால் நிலம் எழுத்தில் அரசினுடையது; உழுதவன் அதை விற்கவோ, அடகு வைக்கவோ, மகளுக்கு எழுதிக் கொடுக்கவோ முடியவில்லை. இழப்பீடு போதாது என்று நீதிமன்றப் படி ஏறியே முதுமை அடைந்தோர் பலர். அண்மை ஆண்டுகளில் அந்நிலங்களை உரியவர்களிடமே திருப்பி அளிக்க அரசு முடிவு செய்தது. வரவேற்கிறோம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நாம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தவர்களிடம் அந்த ஆணையை யார் கொண்டுபோய்க் காட்டுவது?

திருநூலில் நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதையை அனைவரும் அறிவோம். அதில் நாம் எளிதாகக் கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. ஆகாபு அரசன் கொலையில் தொடங்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்று இழப்பீட்டில் தொடங்கினான். இன்றைய அளவுகோலில் அது நேர்மையான பேரம். முன்னோரின் உரிமைச் சொத்தை விற்பதற்கில்லை என்று நாபோத்து கூறியபோதுதான் அரசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விலை கொடுத்தால் எதுவும் கிடைக்கும் என்று எண்ணியவனுக்கு அந்த மறுப்பு விளங்கவே இல்லை.

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் யோமிதான் என்றொரு கிராமம். உலகப் போரின்போது ஜப்பானியப் படை அங்கே உழவர் நிலங்களில் விமானத் தளம் அமைத்தது. போர் முடிந்ததும் திருப்பித் தருவதாக வாக்களித்தே வாங்கினார்கள் என்பது நிலத்துக்காரர்களின் வாதம். போர் முடிந்தபோது அத்தளம் அமெரிக்கரின் கைக்குப் போயிற்று. கிராமத்தார் சளைக்கவில்லை. ஓடுபாதை இருந்த நிலத்திலேயே 1997இல் தங்கள் ஊராட்சி அலுவலகத்தைக் கட்டிக்கொண்டார்கள். தளம் முழுமையாகத் திரும்பியது 2006இல். அறுபது ஆண்டு! பிள்ளைகள் பெற்றோரின் கோரிக்கையை மறவாமல் எடுத்துச் சென்றதால் வந்த பலன் அது. படைத்தளம் ஆகிவிட்ட நிலம் யாருக்கும் உரியதல்லாத நிலம் ஆகிவிட்டது என்பதை அவர்கள் ஒருநாளும் ஒப்பவில்லை.

வெள்ளி விழா விருந்தின்போது பலாலியைச் சேர்ந்த பெரியவர் ஒருவரை நண்பர் நமக்கு அறிமுகம் செய்தார். எண்பதை நெருங்கும் வயது. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. மடியில் ஒரு பிளாசுடிக் உறை. அதற்குள் காணி உறுதி. எட்டுப் பரப்பு என்றார். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது அங்குள்ள கணக்கு. ஆக அரை ஏக்கர். அது இன்னும் வேலிக்கு உள்ளே இருக்கிறது. பாட்டனார் காலத்தில் ஒரு துண்டு ஓடுபாதைக்குப் போனதாகவும் வீட்டில் சொல்வார்களாம்.

"வெள்ளைக்காரன் எடுத்த துண்டு போனால் போகட்டும் சுவாமி, அது அப்பு காலத்துக் கதை. தொண்ணூறாம் ஆண்டு நான் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டு வந்தனான். அந்த வீட்டைத்தான் கேக்கிறன்" என்றார்.

திறப்பு என்பது சாவி. வீடு இருக்கிறதா என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை. அவரே சொன்னார்: கூரை இராது, கதவும் இராது, ஆனால் கிணறு எங்கே போகும்? கல் கட்டிய கிணறு, கோடையிலும் வற்றாது, ஊரே வந்து அள்ளும். அருகே ஓர் இலுப்பை மரம். 2025 ஏப்ரலில் வயாவிளான் - பலாலி வீதியைப் பகற்பொழுதுக்கு மட்டும் திறந்துவிட்டபோது முதல் நாளே மகனின் மோட்டார் சைக்கிளில் போய் வந்தாராம். வழியில் இறங்கக் கூடாது, நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. காணிப் பக்கம் வந்ததும் மகன் வேகத்தைக் குறைத்தான். பற்றை மண்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

பிறகு, நாம் எவ்வழியாக வந்தோம் என்று விசாரித்தார். திருச்சியிலிருந்து விமானத்தில் என்றோம். அவர் முகம் மாறியது. நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இறங்கேக்க எந்தப் பக்கம் இருந்தனீங்கள் சுவாமி? யன்னல் பக்கமோ?"

இடப்பக்கம், சன்னல் ஓர இருக்கை என்றோம். செம்மண்ணும் புதரும் கூரையற்ற சுவர்களும் தெரிந்ததைச் சொன்னோம். கிணறுகளும் தெரிந்தன, வட்ட வட்டமாக, கறுப்பாக.

"பக்கத்திலை இலுப்பை நிண்டதோ?"

மரங்கள் இருந்தன, மேலிருந்து பார்க்கையில் எது இலுப்பை என்று தெரியவில்லை என்றோம். அவர் சிறிது நேரம் கணக்குப் போடுவதுபோல் இருந்தார். பிறகு பிளாசுடிக் உறையைத் திறந்து, உறுதியின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்திருந்த ஒரு படத்தை எடுத்து நம் முன் விரித்தார். கோயில், வீதி, பாடசாலை, கிணறு, மரம் எல்லாம் குறித்திருந்தது. திரும்பிப் போகும்போது வலப்பக்கம் இருக்கச் சொன்னார்.